சொன்னதும் நடந்ததும்

மேடம் இறந்து பத்து நாள் கழித்து அலுவலகத்தில் ஓர் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். நான் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிவிட்டது என்றாலும் பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இப்போதைய இயக்குநர் எழுந்து, "பிறவியிலேயே நேர்மையானவர், வாழ்நாளில் ஒரு தவறான அறிக்கையில்கூடக் கையெழுத்துப் போடாதவர்" என்று ஒரு போடு போட்டார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாற்காலியைத் தூக்கி எறிந்திருப்பேன். இந்த மனிதர் மேடத்தைப் பார்த்ததே நாலைந்து தடவைதான் இருக்கும்.

போட்டார் ஐயா, போட்டார். தவறான அறிக்கையில் மேடம் கையெழுத்துப் போட்டார். அந்தத் தவறில் பாதிக்கு மேல் என்னுடையது. அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய வாழ்க்கை இருக்கிறது. அதை மூடிவிட்டுப் புகழ்ந்தால் அந்தப் புகழ் அவருக்குச் சேராது. அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. வண்டி போய்வந்த கணக்கு எழுதும் லாக் புக் தவிர வேறு எதுவும் எழுதியவனில்லை. லாக் புக் எழுதியதால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் அலுவலகத்தின் வேலை என்னவென்றால், அரசு ஒரு சாலையோ பாலமோ கட்டுவதற்கு முன்னால் அதனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் அங்கே குடியிருப்பவர்களுக்கும் என்ன ஆகும் என்று பார்த்து அறிக்கை எழுதுவது. அந்த அறிக்கையை வைத்துத்தான் மேலே உள்ள குழு 'கட்டலாம், கட்டக் கூடாது, இப்படி மாற்றிக் கட்டு' என்று முடிவு சொல்லும். மேடம் அறிக்கை எழுதும் அதிகாரி. நான் அவருடைய ஜீப் டிரைவர். இருபத்திரண்டு வருடம் அவருக்கு வண்டி ஓட்டினேன். மேடம் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவோடு இரண்டாம் மாடியில் ஒரு வீட்டில் இருந்தார். கண்ணாடியை ஒரு கறுப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார், பென்சிலைக் கொண்டையில் செருகியிருப்பார். அந்தப் பென்சிலையே அலுவலகம் முழுக்கத் தேடுவார்.

அந்தக் காலத்தில் அவருக்கு மின்னல் மேடம் என்று பெயர். மற்றவர்கள் மூன்று மாதம் இழுக்கும் அறிக்கையை அவர் பதினொரு நாளில் முடித்துவிடுவார். எப்படி என்று கேட்டால், பழைய அறிக்கையை எடுத்து ஊர்ப் பெயரையும் நீள அகலத்தையும் மாற்றுவதுதான். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். மேடம் கொஞ்சம் வேகமாகச் செய்தார். ஹெட்கிளார்க் அவரை எல்லாருக்கும் உதாரணம் காட்டுவார். "மின்னலைப் பாருங்கய்யா, ஒரு பக்கத்தைப் புதுசா எழுதுறதுக்குள்ள நீங்க ஒரு டீ குடிச்சு முடிச்சிடுறீங்க" என்பார்.

இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று விதி இருந்தது. பார்த்தோம். ஆனால் எப்போது பார்த்தோம் என்பதுதான் கூத்து. ஜீப்புக்கு வருடத்துக்கு இவ்வளவு டீசல் என்று ஒதுக்கீடு. வருட ஆரம்பத்தில் பெரிய அதிகாரிகளுக்கு வண்டி வேண்டியிருக்குமே என்று ஹெட்கிளார்க் அதைப் பூட்டி வைப்பார். வருடக் கணக்கு முடிகிற கடைசி மாதம் பார்த்தால் டீசல் நிறைய மிச்சம் இருக்கும். செலவழிக்காவிட்டால் அடுத்த வருடம் குறைத்துவிடுவார்கள். உடனே, "கிளம்புங்க, கிளம்புங்க, எல்லா இடத்தையும் பாருங்க" என்று விரட்டுவார். அந்த மாதம் எங்கள் பக்கம் வெயில் மண்டையைப் பிளக்கும் மாதம். ஓடை என்று வரைபடத்தில் இருக்கும் இடத்தில் போய் நின்றால் செருப்பில் புழுதிதான் ஒட்டும். மேடம் குடையைப் பிடித்துக்கொண்டு எழுதுவார்: 'ஓடையில் நீரோட்டம் காணப்படவில்லை.'

பொய்யில்லை. கண்ணால் பார்த்து எழுதியதுதான். வருடா வருடம் அதே மாதம் போனால் அதே புழுதியைத்தானே பார்க்க முடியும்? அந்த ஒரு வரி அறிக்கையிலிருந்து அறிக்கைக்குத் தாவிக்கொண்டே இருந்தது. ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. மழைக்காலத்தில் அந்த வழியாகவே என் சொந்த வேலைக்குப் போகிறவன் நான். அங்கே ஓடை எப்படிப் புரண்டு ஓடும் என்று எனக்குத் தெரியும். டிரைவரிடம் யார் கேட்கப் போகிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

பிறகு பெரிய சாலைகளுக்கு மட்டும் வெயிலில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை என்று இரண்டு முறை பார்க்க வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். அப்படி வந்த முதல் சாலை, ஊருக்கு மேற்கே தாழ்நிலத்தின் நடுவே போகும் புறவழிச்சாலை. அதற்குக் கொஞ்ச தூரத்தில்தான் என் தங்கச்சி வீடு. அவள் வீட்டுக்காரர், அதாவது என் மாப்பிள்ளை, தையல்காரர். வீட்டு முன்னறையிலேயே மிதிக்கிற மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். சாலை வந்தால் தங்கச்சி வீட்டுப் பக்கம் பஸ் வருமே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம் வேறு.

வெயில்காலப் பார்வை முடிந்தது. மழைக்காலப் பார்வைக்குப் பயண ஆணை போட்டிருந்த அன்று காலையில் மேடத்தின் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மேடம் வண்டியில் ஏறி உட்கார்ந்தார், முகம் வெளுத்திருந்தது. "டிரைவர், என்னை ஆஸ்பத்திரியில விட்டுட்டு நீங்க ஆபீஸுக்குப் போயிடுங்க. இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

நான் அலுவலகத்துக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரோரம் ஜீப்பை நிறுத்திவிட்டு, கூரையில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டே நன்றாகத் தூங்கினேன். சாயங்காலம் லாக் புக்கை எடுத்து, 'தளப் பார்வை, போக வர நாற்பத்தாறு கிலோமீட்டர்' என்று எழுதினேன். மீட்டர் காட்டிக்கொடுக்காதா என்று கேட்பீர்கள். எந்த அரசு ஜீப்பில் ஐயா மீட்டர் ஓடுகிறது? நாற்பத்தாறு கிலோமீட்டருக்கான டீசல் ஒரு கேனில் இறங்கி என் சின்ன மைத்துனரின் பம்புசெட்டுக்குப் போனது. ஐந்து லிட்டர். இதற்காகத்தான் எழுதினேன். வேறு பெரிய காரணம் இருந்தது என்று சொல்லத்தான் ஆசை. இல்லை.

அந்த வாரமே மேடத்தின் அம்மா போய்ச் சேர்ந்தார். பன்னிரண்டு நாள் கழித்து மேடம் அலுவலகம் வந்தபோது அறிக்கை கொடுக்க மூன்றே நாள் இருந்தது. ஹெட்கிளார்க் லாக் புக்கை நீட்டினார். "டிரைவர் போய்ப் பார்த்துட்டு வந்திருக்காரே மேடம். நீங்க போன மாதிரியே எழுதிடுங்க, யாரு கேக்கப் போறாங்க?"

மேடம் என்னைக் கூப்பிட்டார். அழுது அழுது கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"டிரைவர், அன்னைக்கு நீங்க மட்டும் போனீங்களா?"

"போனேன் மேடம்."

"தண்ணி நின்னுச்சா?"

இந்த இடத்தில் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் போதும். 'இல்லை மேடம், போகலை' என்று சொன்னால் டீசல் எங்கே என்று வரும். நான் சொன்னேன்: "ஒண்ணும் இல்லை மேடம். எல்லாம் வடிஞ்சு போச்சு."

மேடம் எழுதினார்: 'மழைக்காலத்திலும் தளம் பார்வையிடப்பட்டது. நீர் வடிந்திருந்தது. தேங்கினாலும் இரண்டு நாளில் வடியும்.' அதை நம்பி, தண்ணீர் கடப்பதற்குச் சாலைக்கு அடியில் ஆறே ஆறு சிறுபாலங்கள் போதும் என்று முடிவானது. ஒரு வருடத்தில் சாலை பளபளவென்று வந்தது. பஸ்ஸும் வந்தது. தங்கச்சி எனக்கு போன் போட்டு, "அண்ணா, இப்ப வாசல்ல இருந்து பஸ் தெரியுது" என்றாள்.

முதல் மழை சுமாராகப் பெய்தது, தப்பித்தோம். இரண்டாவது வருடம் கொட்டித் தீர்த்தது. மேற்கே பரவி ஓட வேண்டிய தண்ணீரைச் சாலை அணை மாதிரி மறித்துக்கொண்டது. ஆறு ஓட்டைகளில் எவ்வளவுதான் போகும்? திரும்பித் தங்கச்சி தெருவுக்குள் வந்தது. பதினொரு நாள் நின்றது. வீட்டுக்குள் நெஞ்சளவு. மாப்பிள்ளை மெஷினை மேலே தூக்கி வைக்கிறேன் என்று தண்ணீரிலேயே நின்றிருக்கிறார். காலில் ஏதோ தகரம் கிழித்துவிட்டது. தெருவை விட்டு வெளியே வர முடியாமல் அஞ்சாறு நாள் அந்தப் புண்ணோடு சாக்கடை கலந்த தண்ணீரில் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது, உயிர் வேண்டுமா கால் வேண்டுமா என்று டாக்டர் கேட்டார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மெஷின் மிதிக்கிற கால்.

நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதே ஆஸ்பத்திரி. ஜீப் நிறுத்தித் தூங்கிய சுவர் ஜன்னலில் தெரிந்தது. தங்கச்சி என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீ இருக்கேண்ணா, எனக்கு அது போதும்" என்றாள். உண்மையை நான் அவளிடமும் சொல்லவில்லை, மேடத்திடமும் சொல்லவில்லை. அடுத்த வருடம் வேறு திட்டம், வேறு புழுதி, அதே வரி என்று ஓடிவிட்டது.

அப்புறம்தான் இரண்டாவது சாலை வந்தது. தங்கச்சி தெருவுக்குக் கிழக்குப் பக்கம். மேற்கே ஏற்கெனவே ஒன்று, கிழக்கே இது. நடுவில் அந்தத் தெரு கிண்ணத்துக்குள் மாட்டின மாதிரி ஆகிவிடும். ஒரு நல்ல மழைக்கு அங்கே நாற்பது வீடு முழுகும். குழு கூட ஒன்பது நாள் இருந்தது. ஹெட்கிளார்க் வழக்கம்போல் வரைவைத் தயார் செய்து, வெளியே ஜெராக்ஸ் எடுத்து மேடத்தின் கையெழுத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி என்னிடம் கொடுத்தார். மழையில் நனையாமல் இருக்கிறதா என்று ஜீப்பில் உட்கார்ந்து தாள்கட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு வரி கண்ணில் பட்டது. 'முதல் சாலையில் கிடைத்த அனுபவத்தின்படி, வெள்ளப் பாதிப்பு எதுவும் எதிர்பார்க்கப்படவில்லை.'

அனுபவமாம்! முதல் சாலையை யார் போய்ப் பார்த்தார்கள்? கட்டி முடித்த எந்தச் சாலையையாவது எங்கள் அலுவலகத்தில் ஒரு ஈ, காக்கையாவது திரும்பிப் போய்ப் பார்த்ததுண்டா? அறிக்கை கொடுத்தாயிற்று, கோப்பு மூடியாயிற்று, அடுத்த கோப்பு. நாம் சொன்னது பலித்ததா, இல்லையா என்று தெரியாமலேயே இருபது வருடம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மேடத்தின் மேசையில் தாள்கட்டை வைத்துவிட்டு நகராமல் நின்றேன். மேடம் மேசையில் பேனாவைத் தேடி எடுத்துத் திறந்தார்.

"என்ன டிரைவர்?"

"மேடம்... மறுபடி ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாமா?"

"எதை?"

"முதல் ரோட்டை."

மேடம் எரிச்சலோடு நிமிர்ந்தார். "எதுக்கு? அதான் நீங்க பார்த்துட்டு வந்து சொன்னீங்களே."

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார். டீசல் இல்லை என்று ஹெட்கிளார்க் வாசல்வரை வந்து கத்தினார். "என் கைக்காசுல போட்டுக்கறேன், வழியை விடுங்க" என்றார் மேடம்.

அன்று மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. சாலையின் கிழக்குப் பக்கம் முழுக்க ஏரி மாதிரி தண்ணீர். ஆறு சிறுபாலங்களில் இரண்டு மண் அடைத்துப் புதைந்து கிடந்தன. மேடம் குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே நடந்தார். ஒதுங்கி உட்கார வேறு இடமில்லை. தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அப்போதுதான் என் தங்கச்சி அங்கே இருப்பதே மேடத்துக்குத் தெரியும்.

சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடியது. வெள்ளையடித்தும் போகவில்லை. மாப்பிள்ளை இடது காலால் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். மேடம் அந்தக் கோட்டையும் பார்த்தார், மாப்பிள்ளையின் வலது காலையும் பார்த்தார். மாப்பிள்ளை எதையும் தமாஷாகப் பேசுகிறவர். "பரவாயில்லை மேடம், இனிமே ஒத்தைச் செருப்பு வாங்கினா போதும், பாதி விலைக்குக் கேக்குறேன், கடைக்காரன்தான் தரமாட்டேங்கிறான்" என்றார். மேடம் சிரிக்கவில்லை.

"ரோடு வர்றதுக்கு முன்னாடி இங்க தண்ணி வருமா?"

"வாசப்படி ஏறினதே இல்லை. மேற்கால அது பாட்டுக்குப் போயிடும்." மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "கட்டறதுக்கு முன்னாடி யாராச்சும் வந்து பார்ப்பாங்களாமே மேடம்? யாரு பார்த்தாங்க? நாங்க ஒரு சட்டைத் துணியை வெட்டுறதுக்கே ரெண்டு தடவை அளவு எடுப்போம்."

தங்கச்சி கொடுத்த டீ அப்படியே ஆறியது. நான் கதவோரம் நின்றுகொண்டு தரையைப் பார்த்தேன்.

திரும்பும்போது பாதி வழியில் ஜீப்பை ஓரம் கட்டினேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே சொன்னேன். "அன்னைக்கு நான் போகலை மேடம். ஆஸ்பத்திரி வாசல்லயே தூங்கிட்டேன். டீசலுக்காக எழுதினேன். தண்ணி வடிஞ்சுதுன்னு சொன்னதும் பொய்."

கண்ணாடி துடைப்பான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நானும்தான் போகலை. போனேன்னு எழுதினேனே" என்றார். பிறகு, "வண்டியை எடுங்க. பழைய லாக் புக் எல்லாம் எனக்கு வேணும்" என்றார்.

ஒன்பது வருட லாக் புக்குகளையும் அந்தந்த அறிக்கைகளையும் மேசையில் பரப்பி எட்டு நாள் உட்கார்ந்தார். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் 'சொன்னது', வலப்பக்கம் 'நடந்தது' என்று எழுதினார். நாங்கள் போய்வந்த தளப் பார்வை நாற்பத்தொன்று. அதில் முப்பத்தெட்டு, அந்த வெயில் மாதத்தில். அதைக் கண்டுபிடித்த அன்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "முப்பத்தெட்டு தடவை டிரைவர்! எனக்கு எப்படிக் கண்ணு தெரியாமப் போச்சு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அப்போதிருந்த இயக்குநர் நல்ல மனிதர்தான், பயந்த மனிதர். மேடம் அடுத்த துணை இயக்குநர் என்று கோப்பு நகர்ந்துகொண்டிருந்த நேரம் அது. "இப்ப எதுக்கும்மா பழசைக் கிளறிக்கிட்டு? மேலும் ஆய்வு தேவைன்னு ஒரு வரி போடுங்க, போதும்" என்றார். "ஒரு வரி போட்டா ஒரு வரி மாதிரிதான் சார் படிப்பாங்க. நாம எங்க தப்பு பண்ணோம்னு சொல்லலைன்னா அதே ஆறு பாலத்தைத்தான் மறுபடியும் வைப்பாங்க" என்றார் மேடம். இயக்குநர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

குழுக் கூட்டத்துக்கு நான்தான் லாக் புக் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். கதவுப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். நீள மேசை, பதினான்கு பேர், எல்லார் முன்னாலும் தண்ணீர் பாட்டில். மேடம் எழுந்து நின்று மூன்று பக்கம் வாசித்தார். முதல் சாலைக்கு நாங்கள் சொன்னது இரண்டு நாள், நடந்தது பதினொரு நாள். மாப்பிள்ளையின் கால். சுவரில் கோடு எத்தனை உயரம். தளப் பார்வை ஏன் எப்போதும் வெயிலில். டீசல் ஒதுக்கீடு. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வாசித்தார். கடைசியில் வந்தது அந்தப் பத்தி.

"மழைக்காலப் பார்வைக்கு யாரும் செல்லவில்லை. நீர் வடிந்திருந்தது என்பது நானாகக் கற்பனை செய்து எழுதியது. லாக் புக்கில் உள்ள பதிவு என் உத்தரவின் பேரில் எழுதப்பட்டது. ஓட்டுநருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை."

தலைவர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் அந்த டிரைவரா? இவங்க சொல்றது சரியா?"

மேடம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்தது. தங்கச்சிக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் அதைவிடப் பெரிய பயம். பதினான்கு பேர் காத்திருந்தார்கள்.

"ஆமா சார்" என்றேன்.

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களிலேயே ரொம்பச் சின்னது இதுதான், இரண்டே வார்த்தை.

இரண்டாவது சாலையின் வரைபடம் கிழிந்தது. தெருவை ஒட்டிய பகுதி முழுக்கத் தூண்கள் மேல் போவதாகவும், மீதிக்குப் பத்தொன்பது பாலங்கள் வைப்பதாகவும், பழைய சாலையை நாலு இடத்தில் வெட்டித் தண்ணீருக்கு வழி விடுவதாகவும் முடிவானது. மேடத்தின் மேல் விசாரணை வைத்தார்கள். துணை இயக்குநர் பதவி போயிற்று, சம்பளப் படியில் இரண்டு படி கீழே இறக்கினார்கள், மாடிப்படிக்குக் கீழே இருந்த பதிவறைக்கு மாற்றினார்கள். நேற்றுவரை மின்னல், மின்னல் என்று கொண்டாடிய ஆட்கள் எதிரே பார்த்தால் கழிவறைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஹெட்கிளார்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அது சொல்லாமலே தெரியும்.

பதிவறைக்குப் போன மேடம் சும்மா இருக்கவில்லை. மழை தொடங்கினால் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பழைய அறிக்கை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். அந்த அறிக்கையில் சொன்ன பாலத்தை, சாலையை, கல்குவாரியைப் போய்ப் பார்த்து நோட்டில் எழுதுவார். யாராவது, "எங்க மேடம் கிளம்பிட்டீங்க?" என்றால், "மறுபடி ஒரு தடவை பார்த்துட்டு வரேன்" என்பார். மறுபடி மேடம் என்று பெயர் மாறியது. கிண்டலாகத்தான் வைத்தார்கள். அந்த வார்த்தை என் வாயிலிருந்து போனது என்று யாருக்கும் தெரியாது. ஏழெட்டு வருடத்தில் நோட்டுகள் சேர்ந்தன. இளைய அதிகாரிகள் அறிக்கை எழுதுமுன் ஒவ்வொருவராகப் படியிறங்கி வந்து, "மேடம், இந்த மாதிரி இடத்துல போன தடவை என்ன ஆச்சு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இப்போது எங்கள் அலுவலகத்தின் ஒவ்வோர் அறிக்கையிலும் கடைசிப் பக்கத்தில் நடுக்கோடு போட்ட ஒரு படிவம் இருக்கிறது. முன்பு சொன்னது, பின்பு நடந்தது. அதில் மேடத்தின் பெயர் இல்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று பதிவறைக்குப் போனேன். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று அன்றுதான் கேட்டேன்.

"நீங்க வந்து மறுபடி போகலாமான்னு கேக்கலைன்னா, அந்தத் தாள்லயும் கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார். "ரெண்டு பேருக்கும் வேலை போய் என்ன ஆகப் போகுதுன்னு நினைச்சேன். ஆனா ஒண்ணு டிரைவர். அந்த மூணு பக்கத்துல அந்த ஒரு பத்தி மட்டும் தப்பு. அது என்னை உறுத்திக்கிட்டே இருக்கு." பிறகு என் உடம்பைப் பற்றி விசாரித்தார். அதற்கப்புறம் அதைப் பேசவே இல்லை.

இரங்கல் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது மேடத்தின் தம்பி என் கையைப் பிடித்தார். "அக்கா இதை உங்ககிட்ட குடுக்கச் சொல்லுச்சு" என்று ஒரு நோட்டைக் கொடுத்தார். முதல் நோட்டு. பிரித்தேன். நாற்பத்தொரு வரிகளும் இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தன. அவற்றுக்குக் கீழே இன்னொரு வரி. இடப்பக்கம் மேடத்தின் கையெழுத்தில்: 'மழைக்காலப் பார்வை, நாற்பத்தாறு கிலோமீட்டர்.' வலப்பக்கம் காலி.

அன்று முழுக்க அந்தக் காலியிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் எழுதினேன். 'வண்டி போகவில்லை. டீசலுக்காக ஓட்டுநர் தானாக எழுதியது. தண்ணீர் வடிந்தது என்று அதிகாரியிடம் பொய் சொன்னதும் ஓட்டுநரே.' கையெழுத்துப் போட்டு, அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, ஒரு கடிதம் வைத்து, அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கினேன். பென்ஷனில் கை வைப்பார்களா என்று இன்னும் தெரியவில்லை. வைத்தால் வைக்கட்டும்.

அங்கிருந்து நேராகத் தங்கச்சி வீட்டுக்குப் போய் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். மாப்பிள்ளை தமாஷ் எதுவும் பேசவில்லை. "அன்னைக்கு நீ போயிருந்தா தண்ணி இருந்திருக்குமா மச்சான்?" என்று மட்டும் கேட்டார். "முழங்கால் அளவு இருந்திருக்கும்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு மெஷினில் விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தார். தங்கச்சி எழுந்து உள்ளே போனவள், நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. வழக்கமாகத் தெருமுனை வரை வந்து வழியனுப்புகிறவள். ஏழு மாதம் ஆயிற்று. போன் போட்டால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார்.

போன வாரம் இந்த வருடத்தின் பெரிய மழை. மூன்று நாள் விடாமல் கொட்டியது. மேடத்தின் நோட்டை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டு சாலைக்கும் அடியில் தண்ணீர் திபுதிபுவென்று ஓடிக்கொண்டிருந்தது. தங்கச்சி தெரு ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். அவள் வீட்டுக்குள் போக எனக்குத் தைரியம் வரவில்லை. எதிர்ச் சாரியில் குடையைப் பிடித்து நின்று, நோட்டைப் பிரித்து, பென்சிலைத் தேடினேன்.

ஜன்னல் திறந்தது. தங்கச்சி. என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டே சத்தமாகச் சொன்னாள்.

"தண்ணி நிக்கலை. மூணு நாளா நான் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். உள்ளதை உள்ளபடி எழுது."

அண்ணா என்று கூப்பிடவில்லை. நான் எழுதினேன். எழுதி முடிக்கும்வரை ஜன்னலை அவள் சாத்தவில்லை.